வழியும் வாயிலும்

ஓர் ஊருக்கு வழி இருப்பது வேறு. அவ்வூருக்குள் நுழைய அனுமதி இருப்பது வேறு. முன்னையது பாதை அமைப்போனின் பணி. பின்னையது வாயில் காப்போனின் பணி. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடும் பட்டினப்பாலை, கடல்வழி வந்து இறங்கிய பண்டங்களும் நிலவழி வந்து கடலேறிய பண்டங்களும் சுங்கம் கொள்வோரின் காவலுக்கு உட்பட்டுப் புலிப்பொறி பெற்ற செய்தியைத் தருகின்றது. பண்டம் வருவதற்கும் போவதற்கும் வழி இருந்தது. ஆயினும் அதனை நோக்கிப் பொறியிடும் ஒரு கை இடையில் இருந்தது. வணிகம் செழித்த துறைமுகத்திலேயே அக்காவலும் சிறந்திருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இன்றைய நிறுவனங்களின் கிளை அலுவலகங்களை இணைக்கும் கணனி வலையமைப்புகளிலும் இவ்விரு பணிகள் உள்ளன. வழியமைக்கும் கருவியை அலுவலகங்களில் 'ரவுட்டர்' என்பர். பாடநூல்கள் அதனை வழிச்செலுத்தி என்று குறிக்கும். காவல் புரியும் கருவி 'பயர்வோல்' எனவும் தீச்சுவர் எனவும் வழங்கும். பல கிளை அலுவலகங்களில் இவ்விரு பணிகளையும் சுவரில் மாட்டப்பட்ட ஒரே சிறு பெட்டி ஆற்றுகின்றது. ஒரே பெட்டிக்குள் அமைந்தமையாற் போலும், இரண்டும் ஒரே காரியமே என்னும் மயக்கம் பலரிடம் காணப்படுகின்றது. வழி திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கருதப்படுகின்றது. அம்மயக்கத்துக்கு உலகம் கொடுத்த விலை சிறிதன்று.

வெவ்வேறு வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைத்தல் என்னும் சிந்தனை 1970களில் உருப்பெற்றது. 1974ஆம் ஆண்டு மே மாதத்தில் விண்டன் சேர்ஃப், ரொபேட் கான் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை அதற்கு அடித்தளமிட்டது. ஒவ்வொரு வலையமைப்பும் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. இரு வலையமைப்புகளுக்கு இடையில் நிற்கும் ஒரு கணனி, ஒன்றிலிருந்து வரும் பொதியை வாங்கி மற்றொன்றினிடம் கையளித்தாற் போதும் என்பது அவர்கள் கண்ட வழி. அஞ்சலுறை போன்று பெறுநர் முகவரியும் அனுப்புநர் முகவரியும் தாங்கிய சிறு தரவுத் துண்டே ஈண்டுப் பொதி எனப்படுகின்றது. 1977ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் திகதி, கலிபோர்னியாவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வாகனத்திலிருந்து வானொலி அலைவழி புறப்பட்ட பொதிகள், அர்ப்பாநெற் வலையமைப்பையும் செய்மதி வலையமைப்பையும் கடந்து, ஐரோப்பா சென்று, மீண்டும் கலிபோர்னியாவிலுள்ள ஒரு கணனியை அடைந்தன. மூன்று வேறுபட்ட வலையமைப்புகள் ஒன்றாகச் செயற்பட இயலும் என்பது அன்று நிறுவப்பட்டது.

வலையமைப்புகளுக்கு இடையில் நின்ற அக்கணனிகளுக்கு அந்நாளில் வழங்கிய ஆங்கிலப் பெயரின் பொருளும் 'வாயில்' என்பதேயாகும். ஆயின் அவ்வாயில்களிற் காவலர் இலர். அவற்றைப் பயன்படுத்தியோர் ஆய்வாளரான சிலரே, ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அறிமுகமே அங்குக் காவலாக நின்றது. அறிமுகம் இல்லாதார் பெருகியபோது அது போதாதாயிற்று.

வழியமைத்தலின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு நிறுவனத்தின் தலைமையகம் கொழும்பிலும், கிளைகள் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ளன என்று கொள்ளலாம். கொழும்பிலுள்ள கணனிகளின் முகவரிகள் 10.1 என்றும், கண்டியிலுள்ளவை 10.2 என்றும், யாழ்ப்பாணத்திலுள்ளவை 10.3 என்றும் தொடங்குகின்றன. ஒவ்வோர் இடத்து வழிச்செலுத்தியிலும் ஒரு வழிப்பட்டியல் இருக்கும். 10.3 என்று தொடங்கும் பொதியை எத்திசையில் விடுவது என்பதை அப்பட்டியலே கூறும். கிளைகள் இரண்டு மூன்றாயின் இதனை மனிதரே எழுதிவிடலாம். கிளைகள் நூற்றுக்கணக்காயின் வழிச்செலுத்திகளே தமக்குள் செய்தி பரிமாறி வழிகளைக் கணித்துக்கொள்ளும். அக்கணிப்பு முறைகளுள் பெருவழக்குடைய ஒன்று, எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு அறிஞரின் குறும்பாதைக் கணிப்பை அடிப்படையாகக் கொண்டது. 1956இல் அம்ஸ்ரடாம் நகரிலே தமக்கு மனைவியாக வரவிருந்தவருடன் கடைகளில் அலைந்து களைத்து, ஒரு கோப்பிக் கடையில் அமர்ந்திருந்த வேளையில், ஏறத்தாழ 20 நிமிடங்களில் எழுதுகோலும் தாளுமின்றி அதனை மனத்திலேயே வகுத்ததாக அவர் பிற்காலத்திற் கூறியுள்ளார். 1959இல் அது அச்சேறியது. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் குறுகிய வழி யாது என்பதே அவர் எழுப்பிய வினா. அவ்வழியே செல்ல யாருக்கு உரிமையுண்டு என்னும் வினா அதில் இல்லை, இருக்க வேண்டியதுமில்லை.

வழியமைப்பு ஒருபக்கக் காரியமன்று. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் வழி கொழும்பில் எழுதப்பட்டால் மட்டும் போதாது. திரும்பி வரும் வழி யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். போன பொதி சேர்ந்துவிடும். மறுமொழி வழியறியாது மாயும். கேட்டவனுக்கோ இரண்டும் ஒன்றே, மௌனம். புதிதாகப் பணியில் இணைந்தோர் பல மணிநேரத்தை இழப்பது இவ்விடத்தேயாம்.

முகவரிகள் ஒன்றுபட்டுப் போதலும் பெரிய இடர். நிறுவனங்கள் தம்முள்ளே பயன்படுத்திக்கொள்வதற்கென மூன்று முகவரித் தொகுதிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. 10 என்று தொடங்குவது ஒன்று, 172.16 முதல் 172.31 வரையுள்ளது மற்றொன்று, 192.168 என்று தொடங்குவது பிறிதொன்று. 1996ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்த 1918ஆம் இலக்க இணைய ஆவணம் இதனை வரையறுத்தது. யாரும் யாரையும் கேளாது இவற்றை எடுத்தாளலாம் என்பது பெரும் வசதி. அவ்வசதியே பின்னர்த் தொல்லையாகின்றது. கடையில் வாங்கிய வழிச்செலுத்திகள் பல 192.168.1 என்னும் முகவரியுடனேயே வருகின்றன. கண்டிக் கிளை அதனை அப்படியே வைத்திருந்து, யாழ்ப்பாணக் கிளையும் அவ்வாறே வைத்திருந்தால், இரண்டையும் இணைக்கும் நாளில் ஒரே பெயரும் ஒரே இலக்கமும் கொண்ட இரு வீடுகளுக்குக் கடிதம் கொடுக்க முனையும் தபாற்காரரின் நிலைமையே வழிச்செலுத்திக்கு உண்டாகும். தனித்திருக்கையில் எவருக்கும் தோன்றாத குறை, உறவு கொள்ளும்போதே வெளிப்படுகின்றது.

கிளைகளுக்கு இடையே தனிக் கம்பி இல்லாதவிடத்து, பொது இணையத்தின் ஊடாகவே மறைகுறியிட்ட சுரங்கவழி ஒன்று அமைக்கப்படும். 'வீ.பீ.என்.' என்று யாவரும் கூறுவது அதனையே. அலுவலகங்களில் வழங்கும் ஈதர்நெற் வலையமைப்பில் ஒரு பொதியின் பருமன் பொதுவாக 1500 பைட்டுக்கு மேற்படாது. சுரங்கவழியிற் செல்லும் பொதிக்கோ மேலும் ஓர் உறை இடப்படுகின்றது. ஆதலின் உள்ளே வைக்கக்கூடிய சரக்குக் குறைகின்றது. பொதி பெரிதாக இருந்தால், சிறிதாக்கி அனுப்புக என்னும் அறிவித்தலை இடைவழிக் கருவி திருப்பி அனுப்பும். மிகையான எச்சரிக்கையுடைய ஒருவர் தம் தீச்சுவரில் அவ்வகை அறிவித்தல்கள் யாவற்றையும் தடுத்திருந்தால், அனுப்புநருக்குச் செய்தி எட்டாது. அப்பொழுது விந்தையான ஒரு நிலைமை தோன்றும். இணைப்புச் சோதனைக்கான சிறு பொதிகள் தடையின்றிச் செல்லும். சிறு கடிதங்களும் சேரும். பெரிய கோப்பு ஒன்றை அனுப்பினால் மட்டும் பாதியில் நின்றுவிடும். திறந்துவிடுதலால் மட்டுமன்றி, பொருளறியாது மூடுதலாலும் கேடு விளையும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனித் தீச்சுவரை நோக்கலாம். கட்டடக் கலையில், ஒரு வீட்டில் மூண்ட தீ அடுத்த வீட்டுக்குப் பரவாது தடுக்க எழுப்பப்படும் சுவருக்கே இப்பெயர் முதலில் வழங்கியது. தீயே மூளாது என்னும் உறுதியை அச்சுவர் தருவதில்லை. மூண்ட தீ மூண்ட வீட்டோடு நிற்கட்டும் என்பதே அதன் நோக்கம். கணனித் துறைக்கு இச்சொல் வந்து வேரூன்றிய காலம் 1980களின் இறுதியாகும். 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் திகதி, ஒரு பல்கலைக்கழக மாணவர் வெளியிட்ட தானே பெருகும் நிரலொன்று, அந்நாளில் இணையத்தில் இருந்த ஏறத்தாழ 60,000 கணனிகளுட் சுமார் 6,000 கணனிகளைப் பீடித்ததாக மதிப்பிடப்பட்டது. அறிமுகத்தைக் காவலாகக் கொண்டிருந்த காலம் அன்றோடு முடிவுற்றது. அதனை அண்டிய ஆண்டுகளிலேயே பொதிகளை வடித்தெடுக்கும் கருவிகள் அமெரிக்க ஆய்வுகூடங்களில் உருவாயின.

தீச்சுவர் ஒன்றின் உள்ளே இருப்பது விதிகளின் பட்டியல். எந்த முகவரியிலிருந்து, எந்த முகவரிக்கு, எந்தச் சேவைக்கு என்னும் மூன்றும் ஒவ்வொரு விதியிலும் எழுதப்படும். சேவைகளைக் குறிக்கும் இலக்கங்கள் 'போர்ட்' எனப்படுகின்றன. தமிழில் அவற்றைத் துறை என்று கூறுவதுண்டு. மறைகுறியிட்ட இணையப் பக்கங்களுக்குத் துறை 443. வின்டோஸ் கணனிகளின் கோப்புப் பகிர்வுக்குத் துறை 445. வந்த பொதி பட்டியலின் மேலிருந்து கீழாக ஒவ்வொரு விதியோடும் ஒப்பிடப்படும். முதலிற் பொருந்தும் விதியே பெரும்பாலான கருவிகளில் முடிவாகும். ஆதலின் விதியின் சொற்களோடு அதன் இடமும் பொருளுடையது. அகன்ற அனுமதி மேலேயும் குறுகிய தடை கீழேயும் எழுதப்பட்டால், தடை இருந்தும் இல்லாததேயாகும். பட்டியலின் அடியில், எவ்விதியிலும் அடங்காத அனைத்தும் மறுக்கப்படும் என்னும் இறுதி விதி நிற்கும். சிறந்த தீச்சுவரின் அடிப்படை இதுவே. கேளாதது மறுக்கப்படும், கேட்டது ஆராயப்படும்.

தொடர்பின் நிலையை நினைவில் வைத்திருக்கும் தீச்சுவர்கள், உள்ளிருந்து புறப்பட்ட வினாவுக்கு வரும் மறுமொழியைத் தனி அனுமதி கேளாது ஏற்கும். ஆயின் வினா ஒரு வாயில் வழியாகப் போய் மறுமொழி வேறொரு வாயில் வழியாக வந்தால், அந்த இரண்டாம் வாயில் அதனை அறியாதவனின் பொதியாகக் கருதித் தள்ளிவிடும். வழியும் வாயிலும் வெவ்வேறானவையாயினும், ஒன்றையொன்று அறியாது அமைக்கப்படலாகா என்பது இதனாற் பெறப்படும்.

இவையாவும் நூல்களைக் கற்றும் பழகியும் எவரும் அறியக்கூடியனவே. கடினம் வேறிடத்தில் உள்ளது. மேற்கூறிய நிறுவனத்தின் கொழும்புத் தலைமையகத்தில் ஓர் இளம் வலையமைப்பு அலுவலர் பணியாற்றுகின்றார் என்று கொள்ளலாம். புதிய சம்பள நிரல் நாளை காலை இயங்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு யாழ்ப்பாணக் கிளையின் முகாமையாளர் தொலைபேசியில் அழைக்கின்றார்.

"தம்பி, இஞ்ச ஒண்டும் திறக்குதில்லை. நாளைக்குச் சம்பள நாள். இப்போதைக்கு எல்லாத்தையும் ஒருக்காத் திறந்துவிடும். பிறகு ஆறுதலாப் பார்த்து மூடலாம்."

"ஓம் ஐயா, இந்த நிரலுக்கு எந்தெந்தத் துறை வேணுமெண்டு தந்தவையளிட்டக் கேட்டிருக்கிறன். இன்னும் பதில் வரயில்லை."

"அவை நாளைக்குத்தான் சொல்லுவினம், தம்பி. சனம் சம்பளத்துக்குக் காத்துக்கொண்டு நிக்குது."

முகாமையாளர் கேட்டது அநியாயமன்று. சம்பளம் குறித்த நாளிற் கிடைக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அலுவலர் ஒரு விதியை எழுதுகின்றார்: யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு யாவும், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு யாவும், எத்துறையும் அனுமதிக்கப்படும். சம்பளம் போய்ச் சேர்கின்றது. எல்லோரும் மகிழ்கின்றனர். மூடுவதற்கென எவரும் அழைப்பதில்லை. திறக்கப்படாத வாயிலைப் பற்றி அன்றே முறைப்பாடு வரும். மூடப்படாத வாயிலைப் பற்றி எவரும் முறையிடுவதில்லை. சில ஆண்டுகளில் அவ்வலுவலர் வேறிடம் சென்றுவிடுகின்றார். அவருக்குப் பின் வந்தவர் அவ்விதியைக் காண்கின்றார். அஃது ஏன் எழுதப்பட்டது என்பதை அறியார். அறியாததை அழித்தால் எது நின்றுவிடுமோ என்று அஞ்சுகின்றார். தற்காலிகம் இவ்வாறாக நிரந்தரமாகின்றது.

இதனுள் மனித உறவு சார்ந்த ஒரு சிக்கலும் உண்டு. சொந்தக் கிளைக்கும் தலைமையகத்துக்கும் இடையே காவல் வைப்பது, சொந்தக்காரரைச் சந்தேகிப்பது போன்று தோன்றுகின்றது. "எங்கட ஆக்கள்தானே" என்னும் சொல்லுக்கு முன் நிபுணத்துவம் நாணி நிற்கின்றது. பிறருக்கெதிராக வெளிமதில் எழுப்பத் தயங்காத நிறுவனம், தன் வீட்டு அறைகளுக்குக் கதவு வைக்கத் தயங்குகின்றது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த வில்லியம் செஸ்விக் 1990ஆம் ஆண்டிலேயே, புறத்தே வன்மையும் அகத்தே மென்மையும் உடைய இவ்வகை அமைப்பை ஓர் இனிப்புப் பண்டத்துக்கு ஒப்பிட்டுச் சுட்டியிருந்தார். ஓட்டை உடைத்தவனுக்கு உள்ளே தடை ஏதும் இல்லை.

அவ்வாறு உடைந்த ஓட்டின் வரலாறு 2017ஆம் ஆண்டில் உலகறிய நிகழ்ந்தது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட மேர்ஸ்க் நிறுவனம், அக்காலத்திற் கொள்கலக் கப்பற்றுறையில் உலகிலேயே பெரியது. அவ்வாண்டு யூன் 27ஆம் திகதி, உக்ரேனில் வரிக்கணக்கு முடிக்கப் பயன்படும் ஒரு மென்பொருளின் இற்றைப்படுத்தல் வழியாக 'நொட்பெட்யா' எனப் பின்னர்ப் பெயர் பெற்ற தீநிரல் பரவத் தொடங்கியது. ரஷ்யப் படைத்துறையே அதனை ஏவியதென அமெரிக்க, பிரித்தானிய அரசுகள் 2018 பெப்ரவரியில் அறிவித்தன. குறி உக்ரேனாயினும், தீ எல்லையில் நிற்கவில்லை. 'வயர்ட்' என்னும் அமெரிக்கச் சஞ்சிகை 2018இல் வெளியிட்ட விரிவான கட்டுரையின்படி, ஒடெசா நகரிலிருந்த மேர்ஸ்க் அலுவலகத்தில் அக்கணக்கு மென்பொருள் ஒரேயொரு கணனியில் நிறுவப்பட்டிருந்தது. அவ்வொன்றே போதுமானதாயிற்று.

தீநிரல் இரு வகையாற் பரவியது. வின்டோஸ் கோப்புப் பகிர்வில் இருந்த ஒரு குறைபாட்டைப் பற்றிக்கொண்டு 445ஆம் துறை வழியாக அடுத்த கணனிக்குத் தாவியது ஒரு வகை. கணனியின் நினைவகத்தில் எஞ்சியிருந்த கடவுச்சொற்களைத் திருடி, உரிமையுள்ளவர் போன்று நுழைந்தது மற்றொரு வகை. குறைபாட்டுக்கான திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் 2017 மார்ச்சு மாதத்திலேயே வழங்கியிருந்தது. ஆயினும் திருத்தம் பெற்ற கணனிகளும் இரண்டாம் வகையால் வீழ்ந்தன. கிளைக்கும் கிளைக்கும் இடையே வழி இருந்தது. காவல் இல்லாமையால் அவ்வழியே தீக்கும் வழியாயிற்று. உலகெங்கும் அந்நிறுவனம் நடத்திய 76 துறைமுக முனையங்களுள் 17 முனையங்களின் பணி பாதிப்புற்றது. பாரவண்டிகள் வாயில்களுக்கு வெளியே வரிசையாக நின்றன. எக்கொள்கலத்துள் எது இருக்கின்றது, யாருடையது என்று கூற இயலவில்லை. கடலிற் கப்பல்கள் மிதந்துகொண்டுதான் இருந்தன. சரக்கை அறிந்து பொறியிடும் கைதான் செயலற்றது. பத்து நாள்களில் 4,000 சேவையகங்களும் 45,000 மேசைக் கணனிகளும் 2,500 செயலிகளும் மீள நிறுவப்பட்டன என்று நிறுவனத்தின் தலைவர் 2018 சனவரியிற் டாவோஸ் நகரிற் கூறினார். இழப்பு 25 கோடி முதல் 30 கோடி அமெரிக்க டொலர் வரை என நிறுவனம் மதிப்பிட்டது.

அந்நிகழ்ச்சியில் வலையமைப்பைக் கற்போர் நெடிது சிந்திக்கத்தக்க ஒரு பகுதி உண்டு. பயனர் யாவர், அவர்தம் உரிமை யாது என்னும் விபரங்களைத் தாங்கிய சேவையகங்கள் ஏறத்தாழ 150, உலகின் பல பாகங்களில் அந்நிறுவனத்துக்கு இருந்தன. ஒன்றிலுள்ளதை மற்றொன்று ஓயாது பிரதிசெய்துகொள்ளும் வண்ணம் அவை அமைந்திருந்தன. ஒன்று அழிந்தால் மற்றொன்று உதவும் என்பது கருத்து. எல்லாம் ஒருங்கே அழியக்கூடும் என்பது எண்ணப்படவில்லை. மேற்குறித்த சஞ்சிகையின்படி, கானா நாட்டிலிருந்த ஒன்று மட்டும் எஞ்சியது. தாக்குதல் நிகழ்வதற்கு முன்னர் அங்கு ஏற்பட்ட மின்வெட்டால் அது வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. பெரும் பொருட்செலவில் அமைந்த காவல்கள் செய்யாததை ஒரு மின்வெட்டு செய்தது.

கதை அத்தோடு முடியவில்லை. எஞ்சிய அத்தரவை இங்கிலாந்திலிருந்த மீட்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். கானாக் கிளையின் இணைப்போ மிக மெல்லியது. அவ்வளவு தரவையும் அதன்வழி அனுப்பப் பல நாள்கள் செல்லும். அங்கிருந்த ஊழியரிடம் பிரித்தானிய நுழைவனுமதியும் இல்லை. இறுதியில் ஒருவர் தரவுத் தட்டை எடுத்துக்கொண்டு நைஜீரியாவுக்குப் பறந்தார். அங்கு விமான நிலையத்தில் அதனைப் பெற்றுக்கொண்ட மற்றொருவர் இலண்டனுக்குப் பறந்தார். துண்டிப்பே அச்சேவையகத்தைக் காத்தது. வழியின்மையே மீட்பைத் தாமதப்படுத்தியது. காவலுக்காக வழியை வெறுத்தலும் ஆகாது, வழிக்காகக் காவலை மறத்தலும் ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

1988ஆம் ஆண்டின் நிகழ்ச்சியும் இதனையே உணர்த்தியது. அன்று பல நிறுவனங்கள் அச்சத்தால் இணையத்திலிருந்து தம்மைத் துண்டித்துக்கொண்டன. நோய் வராது நின்றது உண்மை. மருந்து பற்றிய செய்தியும் வராது நின்றது. ஆதலின் விடை முற்றாக மூடுதலில் இல்லை. கிளைகளுக்கு இடையே தீச்சுவர் இருந்திருந்தால் மட்டும் மேர்ஸ்க் நிறுவனம் முற்றாகத் தப்பியிருக்கும் என்று கூறுதலும் மிகையாகும். சேவையகங்கள் தமக்குள் உரையாடச் சில துறைகள் திறந்தே இருத்தல் வேண்டும். அவற்றின்வழியும் தீ சிறிது பரவியிருக்கலாம். ஆயின் ஒடெசாவிலுள்ள ஒரு கணக்காளரின் கணனி, உலகின் மறுகோடித் துறைமுகத்திலுள்ள கணனியோடு கோப்புப் பகிர்வுத் துறையில் உரையாட வேண்டிய தேவை யாது? அத்தேவை இல்லையெனின் அவ்வனுமதியும் இருந்திருக்க வேண்டியதில்லை. வழியமைப்போர் இக்கேள்வியைக் கேட்பதில்லை. அஃது அவர்தம் பணியுமன்று. ஆதலினாற்றான் அதனைக் கேட்கும் இரண்டாமவர் வேண்டப்படுகின்றார்.

அளவறிந்து நம்புதல் இயலும் என்பதற்கு இலங்கை மாணவர் நாள்தோறும் பயன்படுத்தும் ஓர் ஏற்பாடே சான்றாகும். நாட்டின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ண்' வலையமைப்பு, 'எடுரோம்' என்னும் சர்வதேச ஏற்பாட்டை ஈண்டு நடத்துகின்றது. இதில் இணைந்த ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர், இணைந்த மற்றொன்றுக்குச் சென்றாலும் தம் சொந்தக் கடவுச்சொல்லைக் கொண்டே கம்பியில்லா இணைப்பைப் பெறுகின்றார். அவருடைய தாய் நிறுவனமே அவர் யாரென உறுதிகூறுகின்றது. முறையாக அமைக்கப்பட்டவிடத்து, விருந்தோம்பும் நிறுவனம் அக்கடவுச்சொல்லைக் காண்பதுமில்லை. விருந்தினருக்கு இணையம் கிடைக்கின்றது. அதனைக் கொண்டு அப்பல்கலைக்கழகத்தின் பரீட்சைப் பதிவேட்டுக்குள் அவர் நுழைய வேண்டியதில்லை. இதில் அவமதிப்பு ஏதும் இல்லை. விருந்தினரைத் திண்ணையில் அமர்த்தி உபசரிப்பவர், பெட்டகத்தின் திறப்பைக் கொடாமையால் அன்பிற் குறைந்தவர் ஆகார்.

இதனையே கிளை அலுவலகங்களுக்கும் பொருத்திப் பார்த்தல் தகும். யாழ்ப்பாணக் கிளைக்குச் சம்பள நிரல் தேவையாயின், அந்நிரல் இயங்கும் ஒரு சேவையகத்தின் ஒரு துறைக்கு அனுமதி போதும். அச்சுப்பொறிகளும் கண்காணிப்புக் கமராக்களும் தலைமையகத்தின் கணக்குச் சேவையகத்தோடு உரையாட வேண்டியதில்லை. அவற்றைத் தனி உபவலையில் இருத்தலாம். அவசரத்துக்கு அகன்ற அனுமதி கொடுக்க நேர்ந்தால், அதற்கு முடிவுத் திகதி ஒன்றைக் கருவியிலேயே எழுதிவைக்கலாம். பல தீச்சுவர்களில் அவ்வசதி உண்டு. மூடுவதற்கு எவரும் அழைக்கமாட்டார் என்பதை அறிந்தவர் செய்யக்கூடிய சிறந்த காரியம் அது.

ஒவ்வொரு விதியின் அருகிலும் குறிப்பெழுதச் சிறிது இடம் உண்டு. பெரும்பாலும் அது வெறுமையாகவே விடப்படுகின்றது. யார் கேட்டார், எதற்காகக் கேட்டார், எந்நாள்வரை தேவை என்னும் மூன்றையும் அவ்விடத்தில் எழுத ஒரு நிமிடம் போதும். எழுதினால், பின் வருபவர் அஞ்சாது ஆராய்ந்து, தேவையற்றதை நீக்குவார். எழுதாவிட்டால், அவரும் அஞ்சி விட்டுச்செல்வார். அவருக்குப் பின் வருபவரும் அவ்வாறே செய்வார். கருவிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. பழைய பெட்டியைக் கழற்றிப் புதிய பெட்டியை மாட்டும் நாளிலும் அப்பழைய விதிகள் ஒன்று விடாமற் பெயர்த்தெழுதப்படுகின்றன. எனவே கிளைகளை இணைக்கும் பணியில் இறங்கும் இளம் பொறியியலாளர், கம்பியைப் பொருத்துவதற்கும் வழிப்பட்டியலை நிரப்புவதற்கும் முன்னர், எக்கிளைக்கு எச்சேவை ஏன் வேண்டும் என்று அக்கிளையிற் பணியாற்றுவோரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்வாராக. கேட்பது சந்தேகமாகாது. இன்னது தேவை என்று சொல்லத் தெரிந்தவருக்கும் அதனைக் கேட்டெழுதத் தெரிந்தவருக்கும் இடையில் உண்டாகும் இணைப்பே நிலைத்து நிற்கின்றது.